கரப்பானுக்கு ஒளி சிகிச்சை: வெயில் போதாதா?

மன்னார்குடி வயல்:
அண்ணனுக்கு 46 வயசு, விவசாயம். பத்து வருஷமா கரப்பான் (எக்ஸிமா). ஸ்டீராய்டு களிம்பு, எதிர்ப்பு சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து எல்லாம் பார்த்தாச்சு, நிறுத்தினா திரும்ப வருது. வாரம் மூணு நாள் தஞ்சாவூர் வந்து நேரோபேண்ட் யுவிபி (புற ஊதா ஒளி சிகிச்சை) எடுக்கச் சொல்றாங்க. பகல் முழுக்க வெயில்லதானே நிக்கிறார், அது போதாதா?

தோல்நலம் தஞ்சை:
போதாது. சிகிச்சைக்கு உள்ளே நிற்க வைக்கும் ஒளிப் பெட்டியில் உள்ள குழல்கள் தருவது 311 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய கற்றை மட்டும். தோலின் அழற்சியை அடக்குவது அதுதான். வெயிலில் அது கொஞ்சம். சூடும் வியர்வையும் அரிப்பைத்தான் கூட்டும்.

ஆனால் 36 வயசில் புதிதாக ஆரம்பித்தது என்பது உறுத்துகிறது. கண் இமை, காதுக்குப் பின்னால், சட்டைக் கழுத்துத் திறப்பு, முழங்கை மடிப்பு, இங்கெல்லாம் அதிகமா? வரப்பில் பார்த்தீனியம் வெள்ளையாகப் பூத்து நிற்கும்போது கூடுகிறதா? அப்படியானால் அது பார்த்தீனிய ஒவ்வாமையாக இருக்கலாம். அது முற்றினால் சிலருக்கு வெளிச்சமே ஆகாது. பெட்டியில் நிறுத்தினால் இன்னும் மோசமாகும். முதுகில் பேட்ச் டெஸ்ட் (ஒவ்வாமை தரும் பொருளை ஒட்டிப் பார்க்கும் சோதனை) ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒளி சிகிச்சையைத் தொடங்க வேண்டாம்.

குழல்விளக்கு:
டெஸ்டில் ஒன்றும் இல்லையென்றால் டோஸைக் கவனியுங்க. நம்ம நிறத்துக்குப் பெரும்பாலும் சதுர சென்டிமீட்டருக்கு 250-300 மில்லிஜூலில் தொடங்கி, தடவைக்கு 10-20 சதவீதம் ஏற்றுவாங்க. கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அன்று ராத்திரி புறங்கையால் தொட்டுப் பாருங்க. சூடோ எரிச்சலோ இருந்தால் அடுத்த தடவை விளக்குப் போடும் முன்பே சொல்லணும். சொல்லாமல் ஏற்றினால் கொப்புளம்தான்.

நடவு, அறுப்பு என்று ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் டோஸைக் குறைக்கணும். மூணு வாரம் தாண்டினால் முதலிலிருந்துதான். குழல் புதுசா மாத்தியிருந்தால் நிமிஷக் கணக்கு பொய்யாகும், மீட்டரில் அளந்தாங்களா என்று கேளுங்க. வாசலின் தடிமனாப் பூசிட்டுப் போனால் ஒளி இறங்காது, முடிஞ்ச பிறகு பூசலாம். கண்ணைக் காக்கும் கண்ணாடியும் ஆணுறுப்பை மறைக்கும் துணியும் கட்டாயம். பலன் தெரிய இருபது முப்பது தடவையாவது ஆகும்.

மன்னார்குடி வயல்:
காதுக்குப் பின்னாலதான் அதிகம். டெஸ்டுக்குக் கேக்கிறேன். கார்போகரிசி தைலமும் பூசுறார், பரவாயில்லையா?

தோல்நலம் தஞ்சை:
உடனே நிறுத்தணும். அதிலுள்ள சோரலன் என்ற, தோலை ஒளிக்குக் கூச வைக்கும் பொருள் பட்ட தோல் வெயிலிலேயே வெந்துவிடும். சைக்ளோஸ்போரினும் ஒளியும் சேர்ந்தால் தோல் புற்றுநோய் அபாயம் கூடும். சைக்ளோஸ்போரினை எப்போது நிறுத்தினார் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிட்டால் அந்தச் சீட்டையும் எடுத்துப் போங்கள், சில மாத்திரைகள் வெளிச்சம் பட்டால் தோலைக் கெடுக்கும்.