ஆக்டிவ் சஸ்பென்ஷன்: மோட்டார் கரன்ட்டைக் குறைக்க வழி சொல்லுங்க

வணக்கம். சென்னையில ஆக்டிவ் சஸ்பென்ஷனுக்கு (மோட்டார் வெச்சு வண்டியோட ஆட்டத்தை அடக்குறது) ஒரு கால்-கார் சோதனை மேடை, அதாவது காரோட நாலுல ஒரு பங்கு, ஒரு சக்கரம் மட்டும். பாடிப் பக்கம் 300 கிலோ, சக்கரப் பக்கம் 40. ஸ்பிரிங் மீட்டருக்கு 18,000 நியூட்டன், டயர் அதுல பத்து மடங்கு. பாடி 1.2 ஹெர்ட்ஸ்ல ஆடுது, சக்கரம் சுமார் 11 ஹெர்ட்ஸ்ல. நிலையான எடையை ஸ்பிரிங்தான் தாங்குது. பால்ஸ்குரூ (சுழற்சியை நேர் அசைவா மாத்துற திருகு) மோட்டாருக்கு ஸ்கைஹூக் வேலை மட்டும், அதாவது பாடியை வானத்துல கட்டின மாதிரி, அதோட வேகத்துக்கு எதிரா விசை கொடுக்கிறது.

அந்த வேகத்துக்காக ஆக்சிலரோமீட்டரை (முடுக்கம் அளக்குற சென்சார்) இன்டக்ரேட் பண்ணினா வேகக் கணக்கு நகர்ந்துகிட்டே போகுது. மேடை அசையாம நிக்கும்போதே மோட்டார் கரன்ட் குடிக்குது, அத்தனையும் வெறும் சூடு. 0.5 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (மெதுவான மாற்றங்களை வெட்டுற ஃபில்டர்) ரெண்டு கட்டம் போட்டா நகர்வு நிக்குது, ஆனா 1.2 ஹெர்ட்ஸ்ல ஃபேஸ் 45 டிகிரி முந்திடுது. தணிப்பு 60 சதவீதமா இறங்குது, கரன்ட் அந்த அளவுக்கு இறங்கல.

ஸ்ட்ரோக் சென்சாரையும் (சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குதுன்னு அளக்குறது) சேர்த்து கால்மன் ஃபில்டர் (சென்சார்களையும் மாடலையும் கலந்து வேகத்தைக் கணிக்கிறது) போட்டவங்க, அதுல சாலை இரைச்சல் (மேடுபள்ளத்தால வர்ற தாறுமாறான அசைவு) அளவை எப்படி வெச்சீங்க? இல்ல, டெட்பேண்ட் (சின்ன வேகத்துக்கு மோட்டாரை சும்மா விடுறது) போதுமா?