பைக்கில் பலகையை ஏற்றினால் 50-க்கு மேல் ஹேண்டில்பார் துடிக்கிறது, உதவுங்கள்

நுரைமேல்
வணக்கம். சனிக்கிழமை அதிகாலையில் கடலுக்குக் கிளம்ப வேண்டும், அதற்குள் தீர்வு கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும். பைக்கின் பக்கவாட்டில் ரேக் பொருத்தி அலைச்சறுக்குப் பலகையை எடுத்துப் போகிறேன். 40 கி.மீ. வேகம் வரை ஒரு குறையும் இல்லை. 50-ஐத் தாண்டியதும் ஹேண்டில்பார் கையில் துடிக்கிறது. பெரிய வண்டி ஏதாவது கடந்தால் பைக் பலகை இருக்கும் பக்கமாகச் சாய்கிறது. ரேக் உறுதியாகத்தான் இருக்கிறது, பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டேன். பலகை இல்லாமல் ஓட்டினால் வண்டி நேராகப் போகிறது. எதைச் சரிசெய்ய வேண்டும்?

மெழுகுக்கட்டி
என்ன பைக்? பலகை எத்தனை அடி? எந்தப் பக்கம் ஏற்றுகிறீர்கள்? ரேக்கின் கைகள் வண்டியில் எங்கெங்கே பொருத்தப்பட்டிருக்கின்றன? பலகையின் மூக்கு முன்னால் இருக்கிறதா, வால் முன்னால் இருக்கிறதா? இவை தெரியாமல் யார் சொல்வதும் ஊகம்தான்.

இருசக்கரன்
முதலில் பின் டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பக்கச் சுமை ஏற்றியதும் வண்டி ஆடுகிறது என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு டயரில் காற்று குறைவாக இருக்கும். அதோடு ஸ்டியரிங் பேரிங். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடிப்பகுதியை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். 'டக்' என்று ஓர் அசைவு தெரிந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. பலகை அந்தக் குறையை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான்.

பழம்பலகை
தம்பி, இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் படித்துவிட்டுக் கேட்பது நல்ல பழக்கம். 6 அடி 4 அங்குலத்துக்கு மேற்பட்ட பலகையை பைக்கில் ஏற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நீண்ட பலகை வேண்டுமென்றால் கூரையுள்ள வண்டி வேண்டும். இதில் ஆராய்ச்சிக்கு எதுவும் இல்லை.

உப்புக்காற்று
ஐயா, நீளத்தின் மீது மட்டும் பழி போட வேண்டாம். கணக்காகப் பார்ப்போம். ஏழரை அடிப் பலகை என்று வைத்துக்கொண்டால் அதன் பக்கப் பரப்பு ஏறத்தாழ 0.9 சதுர மீட்டர். மணிக்கு 20 கி.மீ. காற்று நேர்ப்பக்கமாக அடித்தால் சுமார் 2 கிலோ எடைக்குச் சமமான தள்ளு. 40 கி.மீ. ஆனால் சுமார் 8 கிலோ. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும், அதனால்தான் எல்லாம் திடீரென்று கெட்டதுபோல் தோன்றுகிறது. அந்த 8 கிலோவும் ரேக் வழியாக வண்டியின் சட்டத்தில் இறங்கினால் ஓட்டுநர் சமாளித்துவிடலாம். அது எங்கே இறங்குகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

நுரைமேல்
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். 150 சிசி பைக். பலகை 7 அடி 6 அங்குலம், எபாக்சி. இடப்பக்கம் ஏற்றுகிறேன், மூக்கு முன்னால். டயரில் காற்று சரியாக இருக்கிறது, நேற்றுதான் பார்த்தேன்.

மெழுகுக்கட்டி
கைகள் எங்கே பொருத்தப்பட்டிருக்கின்றன என்பதை இன்னும் சொல்லவில்லை. ஒரு படம் போடுங்கள், பலகை ஏற்றிய நிலையில்.

கடற்பாசி
படம் வரட்டும். அதற்குள் ஒன்று சொல்கிறேன், சைலன்சர் வலப்பக்கம்தானே? பலகையின் வால் அதன் பக்கம் நீண்டால் கவனமாக இருங்கள். என் தோழியின் பலகையில் வால் ஓரமாக உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உப்பி வந்துவிட்டது. விரலால் அழுத்தினால் உள்ளே இறங்கி மெல்ல மேலே வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பலகை தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிட்டது.

பழம்பலகை
எபாக்சிப் பலகைக்கு அந்தக் கவலை வேண்டாம் அம்மா. பழைய பாலியூரிதேன் பலகையைவிட எபாக்சி எல்லா வகையிலும் உறுதியானது, வெப்பமும் சேர்த்துத்தான்.

வால்நுனி
பழம்பலகை ஐயா, இதை ஒப்புக்கொள்ள முடியாது. எபாக்சி என்பது மேலே பூசும் பிசின். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஈபிஎஸ், அதாவது பாலிஸ்டைரின் நுரை. பாலிஸ்டைரின் சுமார் 100 டிகிரி செல்சியஸில் இளகும், அதற்குக் கீழேயே வடிவம் கெடத் தொடங்கும். உள்ளே அடைபட்ட காற்றும் சூட்டில் விரிந்து மேல்தோலைப் பிய்த்துத் தூக்கும். அதனால்தான் சில ஈபிஎஸ் பலகைகளில் காற்று வெளியேறச் சிறு துளை அடைப்பான் வைக்கிறார்கள். அடிபடுவதைத் தாங்குவதில் எபாக்சி மேல், சூட்டைத் தாங்குவதில் பாலியூரிதேன் மேல். இரண்டையும் ஒன்றாக்கினால் கேட்பவர் பலகையை இழப்பார்.

பழம்பலகை
நான் பலகை வாங்கிய காலத்தில் இந்த நுரை வகைகளையெல்லாம் யாரும் கேட்டதில்லை. எல்லாம் பாலியூரிதேன்தான், எதுவும் கெடவில்லை.

வால்நுனி
அதற்குக் காரணம் இருக்கிறது. அப்போது அமெரிக்காவில் நுரைக்கட்டைகளில் மிகப் பெரும்பங்கை கலிஃபோர்னியாவின் கிளார்க் ஃபோம் நிறுவனமே செய்து கொடுத்தது. அது 2005 டிசம்பர் 5 அன்று திடீரென்று மூடப்பட்ட பிறகுதான் பலகை செய்பவர்கள் பலர் ஈபிஎஸ் பக்கம் திரும்பினார்கள். இன்று பலகை வாங்குபவர் தன் பலகையின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

பழம்பலகை
திரும்பினார்கள் என்பதால் அது மேலானது என்று ஆகிவிடாது. பாலியூரிதேன் வெயிலில் மஞ்சளாகும், அவ்வளவே.

வால்நுனி
நானும் அதைத்தானே சொன்னேன், சூட்டில் பாலியூரிதேன் மேல் என்று!

கடற்பாசி
இருவரும் ஒரே பக்கம்தான் நிற்கிறீர்கள். எந்த நுரையானாலும் சைலன்சருக்கு எதிர்ப்பக்கம் பலகை, அதன் மேல் வெள்ளி நிற உறை. இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. வண்டி ஆடும் கதைக்குத் திரும்புவோமா?

நுரைமேல்
படம் இணைத்திருக்கிறேன். பின் கை, இருக்கைக்குப் பின்னுள்ள கைப்பிடியில். முன் கை, பின்னால் அமர்பவரின் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டில். இரண்டும் சட்டத்தோடு சேர்ந்தவைதான்.

இருசக்கரன்
கைகள் நெருக்கமாக இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே ஒன்றரை அடிகூட இல்லைபோல் தெரிகிறது. ஏழரை அடிப் பலகையில் முன்பக்கம் மட்டும் நான்கு அடிக்குக் குறையாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. பேரிங்கையும் பார்த்துவிடுங்கள், அதை நான் விடமாட்டேன்.

மெழுகுக்கட்டி
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கருகே ஒரு நீலக் கயிறு தெரிகிறது. பலகையைச் சுற்றி வந்து இடது கைப்பிடியின் கண்ணாடித் தண்டில் முடிச்சு விழுந்திருக்கிறது. அது என்ன?

நுரைமேல்
மூக்கு ஆடாமல் இருக்கக் கட்டியது. அதைக் கட்டிய பிறகு மூக்கு ஆடுவதில்லை.

மெழுகுக்கட்டி
நண்பரே, உங்கள் தொல்லைக்குக் காரணம் அந்தக் கயிறுதான். மூக்கு ஆடவில்லை, ஹேண்டில்பார் அதற்குப் பதிலாக ஆடுகிறது. அடுத்த முறை வண்டியை எடுக்கும் முன் அதை அவிழ்த்துவிடுங்கள். ஹேண்டில்பார், கண்ணாடி, ஃபோர்க், முன் மட்கார்டு என்று ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும் எதிலும் பலகையின் எந்தப் பகுதியையும் கட்டக் கூடாது. நிறுத்தி வைத்திருக்கும்போது ஹேண்டிலை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பாருங்கள், கயிறு இறுகுவது கண்ணுக்கே தெரியும். அவசரமாக ஒதுங்க வேண்டிய நேரத்தில் ஹேண்டில் திரும்பாமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பதறுகிறது.

உப்புக்காற்று
மெழுகுக்கட்டி சொன்னது முற்றிலும் சரி. சாய்வு ஏன் பலகைப் பக்கமாகவே வருகிறது என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. வலப்பக்கமிருந்து காற்று தள்ளுகிறது, மூக்கு வெளிப்பக்கம் போகிறது, கயிறு இடது கைப்பிடியை முன்னோக்கி இழுக்கிறது. ஹேண்டில் வலப்பக்கம் திரும்புகிறது. ஓடும் பைக்கில் ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பினால் வண்டி இடப்பக்கம் சாயும். வேகத்தில் வளைவு எடுக்கும்போது நாம் அறியாமலே செய்வது இதுதான். அதாவது காற்று வண்டியைச் சாய்க்கும் அதே திசையில் கயிறும் சாய்க்கிறது. கைப்பிடி நுனியில் ஒரு கிலோ இழுப்பு போதும், அந்த வேகத்தில் வண்டி அதை உணரும்.

நுரைமேல்
கயிற்றை எடுத்தால் மூக்கு மறுபடியும் ஆடுமே?

மெழுகுக்கட்டி
ஆடும். கயிற்றைக் கட்ட வைத்ததே அந்த ஆட்டம்தான், அதனால் அதையும் தீர்க்க வேண்டும். வண்டியில் கிராஷ் கார்டு இருக்கிறதே, அது எஞ்சின் பக்கம் சட்டத்தில் முறுக்கப்பட்டது, ஹேண்டிலோடு திரும்பாது. முன் கையை அங்கே கொண்டுபோங்கள். இரண்டு கைகளுக்கும் இடையே பலகை நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது வேண்டும், உங்கள் பலகைக்கு இரண்டரை அடி. அதன்பின் முன்னாலும் பின்னாலும் நீட்டிக்கொண்டிருப்பது ஏறத்தாழச் சமமாகும்படி பலகையை நகர்த்துங்கள்.

இன்னொன்று. பலகையின் நின்று ஓட்டும் முகம் வண்டியைப் பார்த்து இருக்கட்டும். மூக்கு அந்த முகத்தின் பக்கமாக வளைந்திருக்கும், எனவே அது உள்நோக்கி வரும். முன் கையைப் பின் கையைவிட இரண்டு விரல் உள்ளே தள்ளி வையுங்கள். அப்போது எதிர்க்காற்று பலகையைக் கையின் மீதே அழுத்தும். மூக்கு வெளியே விரிந்திருந்தால் காற்று உங்கள் காலுக்கும் பலகைக்கும் நடுவே புகுந்து பட்டையைப் பிய்க்கப் பார்க்கும். ஆனால் உள்ளே வந்த மூக்கு ஹேண்டிலில் இடிக்கக் கூடாது. மறுபடியும் இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பாருங்கள்.

கடற்பாசி
கொக்கி வைத்த ரப்பர் கயிறு வேண்டாம், அது நீளும், பலகையும் அதனோடு நீந்தும். கையால் இழுத்துப் பூட்டும் பட்டையே நல்லது. ராட்செட், அதாவது நெம்பி நெம்பி இறுக்கும் பூட்டு, போட்டு முறுக்கினால் ஓரத்தில் கண்ணாடியிழை நொறுங்கும். பட்டையில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் காற்றில் ரீங்காரம் இடாது. பலகையின் அடியிலுள்ள ஃபின், அதாவது துடுப்பு, கழற்றக்கூடியது என்றால் கழற்றிப் பையில் வையுங்கள். பழைய எஃப்சிஎஸ் நிறுவன ஃபின் வகைக்கு 3/32 அங்குல அறுகோணச் சாவி வேண்டும், அதை வீட்டில் விட்டுவிட்டால் கடற்கரையில் நின்று வருந்த வேண்டியதுதான்.

வால்நுனி
இடப்பக்கம் என்பதால் சைடு ஸ்டாண்டையும் நினைவில் வையுங்கள். ஸ்டாண்டில் சாய்ந்ததும் பலகையின் கீழ் ஓரம் தரையைத் தொடலாம். அதே அளவு வளைவில் சாய்ந்தாலும் தொடும். கையை உயர்த்தித் தரைக்கும் பலகைக்கும் நல்ல இடைவெளி விடுங்கள். இடது காலைத் தரையில் ஊன்றவும் கியரை மாற்றவும் இடம் இருக்கிறதா என்று வண்டியில் ஏறி அமர்ந்து பாருங்கள். ஏறுவது இனி வலப்பக்கமிருந்துதான்.

பழம்பலகை
நீளம் குறித்து நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் ஹேண்டிலில் கட்டக் கூடாது என்பதை ஒவ்வொருவரும் மனத்தில் பதிக்க வேண்டும். மெழுகுக்கட்டி கண்டுபிடித்தது நல்லதாயிற்று. காற்று பலமாக இருக்கும் நாளில் பலகையை வீட்டிலேயே விட்டுவிடு தம்பி.

இருசக்கரன்
பேரிங் பார்த்தீர்களா?

நுரைமேல்
கயிற்றை எடுத்துவிட்டேன், முன் கையை கிராஷ் கார்டுக்கு மாற்றினேன். 60-இல் ஹேண்டில் அசையவில்லை. லாரி கடந்தபோது தள்ளு தெரிந்தது, ஆனால் வண்டி சாயவில்லை. எல்லோருக்கும் நன்றி, கிளம்புகிறேன்.

இருசக்கரன்
பேரிங்?

மெழுகுக்கட்டி
நல்ல செய்தி. புதிதாகப் பொருத்திய கை என்பதால் சற்று தூரம் போனதும் நிறுத்தி, போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது உப்பும் மணலும் பட்டையின் பூட்டில் புகுந்திருக்கும், நல்ல தண்ணீரில் அலசிய பிறகே கட்டுங்கள், இல்லாவிட்டால் வழுக்கும்.