பிள்ளைகளின் பழைய கை எக்ஸ்ரே படங்கள் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மண்டபத்துக்கு அருகில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். எலும்பு வளர்ச்சி பற்றிப் பேசியபோது ஒரு மாணவி, "சுறாவை அறுத்தால் கத்தி நேராக இறங்குகிறது, பாரை மீனில் மட்டும் முள் ஏன் இடிக்கிறது, டீச்சர்?" என்று கேட்டாள். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. சுறாவுக்கும் திருக்கைக்கும் வாழ்நாள் முழுவதும் எலும்பைவிட மென்மையான குருத்தெலும்புதான் என்றும், தாயின் வயிற்றில் நம் கைகால் எலும்புகளும் முதலில் குருத்தெலும்பாகவே உருவெடுத்து, பிறகு இரத்தக் குழாய்கள் உள்ளே நுழைய, கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து இறுகுகின்றன என்றும் விளக்கினேன்.

இதைக் கண்ணால் காட்ட விரும்புகிறேன். பிறந்த குழந்தையின் மணிக்கட்டு எக்ஸ்ரேயில் அங்குள்ள எட்டு எலும்புகளும் இன்னும் குருத்தெலும்பாக இருப்பதால் பெரும்பாலும் தெரியாது. அவை ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தோன்றும். நீண்ட எலும்பின் முனையருகே கறுப்புக் கோடாகத் தெரியும், எலும்பு நீள உதவும் குருத்தெலும்புப் பகுதியான வளர்ச்சித் தட்டு, பருவ வயதின் இறுதியில் மூடிக்கொண்டதும் உயரம் கூடுவது நின்றுவிடும்.

வல்லத்திலோ (மீன்பிடி படகிலோ) விளையாட்டிலோ விழுந்த பிள்ளைகளுக்கு முன்பு எடுத்த கை எக்ஸ்ரே படங்கள் வீட்டில் இருந்தால், பெயரை மறைத்துவிட்டு, வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் மட்டும் குறித்துத் தந்து உதவ வேண்டுகிறேன். மூன்று வயதுக்கு உட்பட்ட படம் ஒன்றாவது கிடைத்தால் பேருதவி. இதற்கென்று புதிதாக யாரும் எக்ஸ்ரே எடுக்க வேண்டாம். தேவையின்றிப் பிள்ளைகள் மீது கதிர் படக்கூடாது. பாம்பன் முதல் தொண்டி வரை சனிக்கிழமைகளில் நானே வந்து வாங்கி, பாடம் முடிந்ததும் திருப்பித் தருவேன்.