பொருள்: 'தெம்னிதார்' – பிரமுகரா, பெரும்பதவியரா?

நண்பர்களே,

ருமேனியச் சொல் 'தெம்னிதார்' நம் மொழிபெயர்ப்புச் சொற்பட்டியலில் 'பிரமுகர்' என்று இருக்கிறது. நீக்கிவிடலாம். பதவியே இல்லாத செல்வந்தரும் நமக்குப் பிரமுகர்தான். தெம்னிதாருக்கோ பதவி கட்டாயம். அதுவும் தேர்தல் வழியாகவோ அரசியல் நியமனமாகவோ வந்தது. குடியரசுத் தலைவர், அமைச்சர், நாடாளுமன்ற உறுப்பினர் எல்லாரும் இதில் அடக்கம். போட்டித் தேர்வில் வென்று பணியில் சேர்ந்தவர் 'ஃபுங்க்த்ஸியொனார் புப்ளிக்'. அவருக்கு 'அரசு அலுவலர்' போதும். 'பொது' என்னும் பொருள் தரும் 'புப்ளிக்'கை விட்டுவிட்டால் வங்கி எழுத்தரும் உள்ளே வந்துவிடுவார்.

சிக்கல் செயலாளரில்தான். 'செக்ரெதார் தெ ஸ்தாத்' அமைச்சருக்கு அடுத்த அரசியல் பதவி, ஆகவே தெம்னிதார். அமைச்சகத்தின் 'செக்ரெதார் ஜெனெரால்' உயர்நிலை அரசு அலுவலர். இருவரையும் 'செயலாளர்' என்று எழுதினால் வாசகர் குழம்புவார். முன்னவரைத் 'துணை அமைச்சர்' எனலாம்; அமைச்சரவை உறுப்பினர் அல்லர் என்று அடிக்குறிப்பு வேண்டும்.

'தெம்ன்' என்றால் தகுதியுடைய. 'தெம்னிதாதெ' மாண்பையும் குறிக்கும், பதவியையும் குறிக்கும். 'மாண்பர்' பொருந்துமா?

(ருமேனிய மொழியில் இது 'த' என்ற பல்லொலி, 'ட' அன்று. 'டெம்னிடார்' என எழுத வேண்டாம்.)

> 'மாண்பர்' பொருந்துமா?

வேண்டாம் ஐயா. லஞ்ச வழக்குச் செய்தியில் 'மாண்பர் கைது' என்று வந்தால் கிண்டலாகிவிடும். மூலச்சொல் வறண்ட சட்டச்சொல். 'பெரும்பதவியர்' என் தெரிவு.

சோழர் கல்வெட்டுகளில் உயர் அதிகாரிகளைக் குறிக்கும் 'பெருந்தரம்' நினைவுக்கு வந்தது. அதைப் பழைய 'த்ரெகதோர்' என்ற சொல்லுக்கு ஒதுக்கலாம். இன்றைய ருமேனியாவுக்கு முந்தைய மால்தாவிய, வலாக்கிய அரசுகளின் அரசவை அதிகாரிகளை அப்படித்தான் சொன்னார்கள். வேர்வினை 'த்ரெஜெ', சீராக்குதல். புளிப்புச் சூப்பில் முட்டை மஞ்சள் கருவும் புளித்த பாலேடும் கலந்து பதப்படுத்துவதற்கும் இன்று அதே வினைதான். அரசவை ஆவணங்களைக் கவனித்த 'லோகொஃபத்'துக்கு சோழர் காலத்தில் அரச ஓலைகளைக் கவனித்த நம் 'ஓலைநாயகம்' அப்படியே உட்காரும்.

இன்னொன்று: மாவட்டத்தில் நடுவண் அரசின் பிரதிநிதியான 'ப்ரெஃபெக்த்'. 'ஆட்சியர்' என்று போட ஆசை வரும், போடாதீர்கள்; நம் ஆட்சியர் அரசு அலுவலர். ப்ரெஃபெக்த் பதவியோ 2021-இல் உயர்நிலை அரசு அலுவலர் வகையிலிருந்து தெம்னிதார் வகைக்கு மாற்றப்பட்டது. 2020-ஆம் ஆண்டு ஆவணத்தில் அவர் அலுவலர், 2022-இல் பெரும்பதவியர். பதவிப்பெயர்களுக்கு எதிரே ஆண்டையும் குறிப்போம். 'ப்ரெஃபெக்த்'தை ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடலாம்.