பினாங்கிலிருந்து சென்னை நிறுவனத்துக்கு வேலை: டிஇ ரந்தாவ் அனுமதியும் இரு நாட்டு வரியும்

கேள்வி: கோவை_சோதனையாளர்

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நிரந்தரப் பணியில் இருக்கிறேன். 4 ஆண்டுகளாகக் கோவையில் வீட்டிலிருந்தபடியே வேலை. என் அக்கா குடும்பத்துடன் பினாங்கில், ஜார்ஜ் டவுனில் குடியிருக்கிறார். அவருக்கு இரண்டாவது குழந்தை பிறக்கவிருப்பதால் துணைக்குச் சில மாதங்கள் அங்கே தங்கி, அங்கிருந்தே என் வேலையைத் தொடர விரும்புகிறேன். சம்பளம் வழக்கம்போல இந்திய வங்கிக் கணக்கிலேயே வரும்.

என் முன் இரண்டு திட்டங்கள் உள்ளன. ஒன்று, நவம்பர் முதல் தேதி போய் மார்ச் இறுதியில் திரும்புவது. மற்றொன்று, அக்டோபர் முதல் தேதி கிளம்பி அடுத்த செப்டம்பர் 30 அன்று திரும்புவது. இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள் விசா இல்லா நுழைவு இருப்பதால் அதிலேயே போய்ப் போய் வரலாம் என்று ஒருவர் சொன்னார். அலுவலக நண்பர் ஒருவரோ, 182 நாளைத் தாண்டாதவரை மலேசியாவில் வரி என்ற பேச்சே எழாது, தாண்டினால்தான் தொல்லை என்கிறார். இவற்றில் எது சரி? எந்தத் திட்டம் எனக்கு உகந்தது?

பதில் 1: கடல்கடந்தவன்

வணக்கம் சகோதரி. நீங்கள் அதிகம் கவலைப்படத் தேவையில்லை என்று நினைக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் வருமானத்துக்கு மலேசியா தனிநபர்களிடம் வரி கேட்பதில்லை. அந்த விலக்கை 2036 வரை நீட்டித்தும் விட்டார்கள். உங்கள் சம்பளம் சென்னை நிறுவனம் தருவது, அதுவும் இந்தியக் கணக்கில் விழுவது. ஆகவே எத்தனை நாள் இருந்தாலும் அங்கே வரி வராது.

பதில் 2: பேரேடு (பட்டயக் கணக்காளர்)

மேலே எழுதிய நண்பர் மன்னிக்க வேண்டும்; இந்த ஒரு தவறான புரிதலால் பலர் மாட்டிக்கொள்வதை என் தொழிலில் பார்க்கிறேன். அவர் சொல்லும் விலக்கு உண்மையில் இருக்கிறது. ஆனால் அது மலேசியாவுக்கு வெளியே தோன்றும் வருமானத்துக்கு உரியது. சம்பளம் எங்கே தோன்றுகிறது என்பதை, பணம் எந்த வங்கியில் விழுகிறது என்பதையோ முதலாளி எந்த நாட்டில் இருக்கிறார் என்பதையோ வைத்து மலேசியச் சட்டம் தீர்மானிப்பதில்லை. வேலை எந்த மண்ணில் செய்யப்பட்டது என்பதை வைத்தே தீர்மானிக்கிறது. ஜார்ஜ் டவுனில் உட்கார்ந்து நீங்கள் சோதித்த நிரலுக்கான சம்பளம், சென்னையிலிருந்து வந்தாலும் மலேசிய வருமானமே.

அலுவலக நண்பர் சொன்ன 182 நாள் கணக்கு ஏறக்குறைய தலைகீழானது. 182 நாள் என்பது வரி வருமா வராதா என்பதற்கான கோடு அன்று. வரி நோக்கில் நீங்கள் அங்கே குடியிருப்பவரா இல்லையா என்பதற்கான கோடு. குடியிருப்பவருக்குப் படிநிலை விகிதமும் 9,000 ரிங்கிட் தனிநபர்க் கழிவும் உண்டு. குடியிருப்பவர் அல்லாதவருக்குக் கழிவு ஏதும் இல்லை. முதல் ரிங்கிட்டிலிருந்தே 30%. வேலை செய்த காலம் 60 நாளைத் தாண்டாவிட்டால் மட்டும் அவருக்கு விலக்கு.

மாதம் 10,000 ரிங்கிட் சம்பளம் என்று வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். உங்கள் முதல் திட்டத்தில் 5 மாதத்துக்கு 50,000 ரிங்கிட், வரி 15,000. ஒரே காலண்டர் ஆண்டுக்குள் 6 மாதம், அதாவது 182 நாளுக்குச் சற்று மேல் இருப்பவருக்கு 60,000 ரிங்கிட் வருமானம். கழிவு போக 51,000. வரி 1,610 மட்டுமே. அதிக நாள் இருப்பவர் குறைவாகக் கட்டும் இந்த விந்தையைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

ஆனாலும் முதல் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை, ஏனெனில் இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியாவில் வரி நோக்கில் குடியிருக்கும் ஊழியர் ஒருவர் 183 நாளுக்கு மேற்படாமல் அங்கே இருந்து, அவருக்குச் சம்பளம் தருபவர் மலேசியாவைச் சேராதவராகவும் இருந்து, அந்தச் செலவை நிறுவனத்தின் மலேசியக் கிளை எதுவும் ஏற்காமலும் இருந்தால், சம்பளத்துக்கு வரி விதிக்கும் உரிமை இந்தியாவிடமே நிற்கும். உங்கள் 5 மாதத் திட்டம் இதற்குள் அடங்கும். இது தானாகக் கிடைக்கும் சலுகை அன்று, கேட்டுப் பெற வேண்டியது என்பதை மறக்காதீர்கள். கிளம்பும் முன்பே வரி நோக்கில் நீங்கள் இந்தியாவில் குடியிருப்பவர் என்று காட்டும் இருப்பிடச் சான்றிதழுக்கு இந்திய வருமான வரித் துறையிடம் விண்ணப்பித்து, அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது திட்டத்தில் மலேசிய வரி உறுதி. அந்நாட்டின் வரி ஆண்டு ஜனவரியில் தொடங்குவதால் உங்கள் ஓராண்டு இரண்டாகப் பிளக்கிறது: முதல் ஆண்டில் 92 நாள், இரண்டாம் ஆண்டில் 273 நாள். இரண்டாம் ஆண்டில் நீங்கள் குடியிருப்பவர் என்பதில் ஐயமில்லை. முதல் ஆண்டின் 92 நாளும், அடுத்த ஆண்டின் தொடர்ச்சியான 182 நாளுடன் ஒட்டி நிற்பதால், குடியிருப்பாகவே கொள்ளப்படும். அப்படியானால் முதல் ஆண்டின் 30,000 ரிங்கிட்டுக்குக் கழிவும், குறைந்த வருமானத்தினருக்கான வரித் தள்ளுபடியும் போக வரி இல்லை; இரண்டாம் ஆண்டின் 90,000 ரிங்கிட்டுக்கு 5,790 ரிங்கிட்.

இந்தியப் பக்கத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஓராண்டு முழுக்க வெளிநாட்டில் இருந்தும் நீங்கள் ஒரு நாளும் என்.ஆர்.ஐ. ஆகப்போவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 183 நாள் இங்கே இருந்துவிட்டுப் போகிறீர்கள். அடுத்த நிதியாண்டில் அக்டோபர் முதல் மார்ச் வரை 182 நாள் இங்கே இருக்கப்போகிறீர்கள். இரண்டு நிதியாண்டிலும் நீங்கள் இந்தியாவில் குடியிருப்பவரே. ஆகவே உலகில் எங்கே ஈட்டினாலும் இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டும். மலேசியாவில் கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு உரியது படிவம் 67. 2026 ஏப்ரல் முதலான வருமானத்துக்குப் பொருந்தும் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் படிவ எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் இடிப்பது பணப்புழக்கம். நிறுவனம் மாதந்தோறும் இங்கே சம்பளத்திலிருந்து வரியை (டி.டி.எஸ்.) பிடித்துக்கொண்டேயிருக்கும். மலேசிய வரியை அடுத்த ஆண்டு ஏப்ரல் 30க்குள் உங்கள் கையிலிருந்து கட்டிவிட்டு, இந்தியாவில் கணக்குத் தாக்கல் செய்து, திருப்புத் தொகைக்காகக் காத்திருக்க வேண்டும்.

பதில் 3: பினாங்கில்_ஓராண்டு

பேரேடு ஐயா எழுதியதில் "ஒட்டி நிற்பதால்" என்ற ஒரு சொல்லில் நான் வழுக்கி விழுந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நானும் அக்டோபரில்தான் போனேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. டிசம்பர் 20 வாக்கில் மதுரைக்கு வந்து, பொங்கலையும் முடித்துக்கொண்டு, ஜனவரி 20 அன்று திரும்பினேன். இடையில் ஊருக்கு வந்துபோவதை மலேசியச் சட்டம் ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. ஆனால் குடும்பத்தைப் பார்ப்பது போன்ற சொந்தப் பயணமாக இருந்தால் மொத்தம் 14 நாளுக்கு மேல் போகக்கூடாது. நான் ஒரு மாதம் இருந்துவிட்டேன். அதனால் இரண்டு ஆண்டுகளுக்கும் இடையிலான தொடர்ச்சி அறுந்து, முதல் ஆண்டின் சம்பளம் முழுவதும் 30% விகிதத்துக்குப் போய்விட்டது. மேலே உள்ள கணக்கின்படி பார்த்தால், வரியே வராத 30,000 ரிங்கிட்டுக்கு 9,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தைக் காட்டி ஏதாவது கோரமுடியுமா என்று பார்க்கவும் வழியில்லை, இருப்பிடச் சான்றிதழ் என்ற ஒன்று இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. பிழை என்னுடையதுதான். அந்தப் பொங்கலுக்கு நான் சாப்பிட்ட கரும்புதான் என் வாழ்க்கையிலேயே விலை கூடிய கரும்பு.

விசாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் அதையும் சொல்கிறேன். 30 நாள் நுழைவு சுற்றுலாவுக்கும் உறவினரைப் பார்ப்பதற்கும் உரியது. மாதாமாதம் தாய்லாந்தின் ஹட்யாய் வரை போய் மீண்டும் நுழைவதை எல்லை அதிகாரிகள் நன்றாகவே கவனிக்கிறார்கள். திருப்பி அனுப்பப்பட்டால் அக்காவைப் பார்க்கவும் முடியாமல் போகும். உங்களுக்கு உரிய வழி, தொலைவழியில் பணிபுரியும் வெளிநாட்டவருக்கான டிஇ ரந்தாவ் அனுமதி. எம்டெக் என்ற அரசு நிறுவனத்தின் வழியே, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். 3 முதல் 12 மாதம் வரை தொழில்முறை வருகை அனுமதி தருகிறார்கள்; பிறகு மேலும் 12 மாதம் வரை புதுப்பிக்கலாம். மென்பொருள் போன்ற துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருக்க வேண்டும். மற்றத் துறையினருக்கு 60,000 டாலர். கட்டணம் 1,000 ரிங்கிட், உடன் வரும் குடும்பத்தினருக்குத் தலைக்கு 500. மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

இவற்றையெல்லாம் விட எனக்கு அதிக நாள் பிடித்தது என் நிறுவனத்தின் கடிதம்தான். நான் முதலில் வாங்கியதில் "வீட்டிலிருந்து பணிபுரிகிறார்" என்று மட்டும் இருந்தது. அது எதற்கும் பயன்படவில்லை. "மலேசியாவிலிருந்து தொலைவழியில் பணிபுரிய நிறுவனத்துக்கு ஆட்சேபம் இல்லை" என்று எழுதக் கேட்டபோது, மனிதவளப் பிரிவு அதைச் சட்டப் பிரிவுக்கு அனுப்ப, அவர்கள் வாடிக்கையாளரின் தரவை நாட்டுக்கு வெளியே எடுத்துச்செல்ல ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று தேடத் தொடங்க, ஏழு வாரம் ஓடிவிட்டது. விமானச் சீட்டை அதற்கு முன் எடுக்காதீர்கள்.

வேலை நேரத்தைப் பொறுத்தவரை நல்ல செய்தி: நம் ஊர் 9.30 அங்கே நண்பகல் 12 மணி. காலை முழுவதும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம், மாலைதான் நீளும்.

கோவை_சோதனையாளர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களைப் படித்தபின் ஓராண்டுத் திட்டத்தை விட்டுவிட்டு 5 மாதத்துக்கே போகலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். மனிதவளப் பிரிவுக்கு இன்று காலை மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஒரே ஓர் ஐயம்: பிரசவம் தள்ளிப்போய் நான் ஏப்ரல், மே என்று தங்க நேர்ந்தால் என்ன ஆகும்?

பேரேடு

நவம்பர் முதல் தேதியிலிருந்து எண்ணினால் 183ஆவது நாள் மே 2 அன்று வருகிறது. லீப் ஆண்டாக இருந்தால் மே 1. அதைத் தாண்டினால் ஒப்பந்தப் பாதுகாப்பு போய்விடும். அந்த ஆண்டின் ஜனவரியிலிருந்து எண்ணினால் 182 நாளும் நிறைந்திருக்காது. இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் உங்களுக்கு மிகச் செலவான இடம். ஆகவே ஏப்ரல் கடைசி வாரத்துக்குள் திரும்பிவிடுங்கள். முடியாத நிலை வந்தால் அரைகுறையாக மே மாதத்தில் கிளம்பாமல், ஜூலை முதல் வாரம் தாண்டும் வரை இருந்துவிட்டு வருவது பற்றி அப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். அனுமதியை 5 மாதத்துக்குக் கேட்காமல் 12 மாதத்துக்கே கேளுங்கள், கட்டணம் ஒன்றுதான். விமானப் பயண அட்டைகளை எறிந்துவிடாமல் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாள் எண்ணிக்கையில் கேள்வி வந்தால் அவைதான் கைகொடுக்கும்.