குவைத்தில் இருக்கும் அண்ணாச்சிமாரே, கொஞ்சம் சொல்லுங்கள்

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தம்பி குவைத்தில் கட்டட வேலைக்குப் போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. தேரிக்காட்டுச் செம்மண் புழுதியில் வளர்ந்த பயல்தான். ஆனாலும் நேற்று வீடியோ காலில் புருவம் முழுக்கத் தூசி, பேச்சுக்குப் பேச்சு இருமல். சின்ன வயதில் வீசிங் வேறு இருந்தது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 11 முதல் 4 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே விதி உண்டு, சரி. மற்ற நேரம்? 2016-இல் மித்ரிபாவில் 53.9 டிகிரி பதிவான நாடாச்சே!

புழுதிக்காற்று அடிக்கும்போது ஈரத்துண்டு போதுமா, என்95 மாஸ்க்தான் வேண்டுமா? அந்தச் சூட்டில் அதைப் போட்டுக்கொண்டு வேலை பார்க்க முடியுமா? அடுத்த வாரம் ஊர்க்காரர் ஒருவர் போகிறார். இன்ஹேலர் கொடுத்துவிட்டால் டாக்டர் சீட்டும் சேர்த்து வைக்கணுமா?