ரகசிய ஒப்பந்தத்திற்கு உட்பட்ட பணிகளை வைத்து வேலைத் தேடலுக்கான போர்ட்ஃபோலியோவை எப்படி அமைப்பது?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். நான் 7 ஆண்டுகளாகத் தரவு ஆய்வாளராகப் பணியாற்றி வந்தேன். எங்கள் பிரிவு மூடப்பட்டதால் ஐந்து மாதங்களாக வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். ரெஸ்யூமேயுடன் போர்ட்ஃபோலியோவும் (செய்த பணிகளின் தொகுப்பு) வேண்டும் என்று பெரும்பாலான விளம்பரங்களில் கேட்கிறார்கள். அதனால் நான் செய்த டாஷ்போர்டுகளின் (முக்கிய எண்களை ஒரே திரையில் காட்டும் பக்கங்கள்) திரைப்பிடிப்புகள், வரைபடங்கள், அறிக்கைப் பக்கங்கள் ஆகியவற்றைத் தொகுத்து 38 பக்கங்களில் ஒரு பிடிஎஃப் கோப்பாக ஆக்கினேன். அது 46 எம்பி வந்ததால் மின்னஞ்சலில் இணைக்க முடியவில்லை. எனவே கூகுள் டிரைவில் ஏற்றி, அதன் இணைப்பை மட்டும் அனுப்பி வருகிறேன்.

இதுவரை 30-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் அனுப்பியும் இரண்டு பதில்களே வந்தன. அவற்றில் ஒன்று, உங்கள் கோப்பைத் திறக்க அனுமதி கேட்கிறது என்பது. மற்றொன்று, தொகுப்பைப் பார்த்தோம், ஆனால் இதில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று புரியவில்லை என்பது. இரண்டாவது பதில்தான் என்னை மிகவும் வருத்தியது. ஏனெனில் அந்த 38 பக்கங்களும் என் உழைப்பு.

பழைய நிறுவனத்துடன் ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருப்பதால், வாடிக்கையாளர் பெயர்களையும் தொகைகளையும் கறுப்புக் கட்டங்களால் மறைத்திருக்கிறேன். என் தொகுப்பில் எங்கே தவறு இருக்கிறது, எதிலிருந்து சரிசெய்யத் தொடங்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (மென்பொருள் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்):

வணக்கம். மற்றவற்றுக்கு முன்னால் ஒரு வேலையை இன்றே செய்து முடியுங்கள்: அந்தக் கோப்பை டிரைவிலிருந்து எடுத்துவிடுங்கள். அனுமதி கேட்பது எளிய சிக்கல். டிரைவில் ஏற்றும் கோப்பு, நாமாக மாற்றாத வரை, நாம் அனுமதித்தவர்களுக்கு மட்டுமே திறக்கும். இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று மாற்றிவிட்டு, மறைநிலைச் சாளரத்தில் ஒருமுறை திறந்து பார்த்தால் அது தீர்ந்துவிடும். நான் கவலைப்படுவது கறுப்புக் கட்டங்களைப் பற்றி.

பிடிஎஃப் கோப்பில் எழுத்துகளின் மேல் ஒரு கறுப்புப் பெட்டியை வரைந்தால், அடியில் உள்ள எழுத்துகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அந்த இடத்தைத் தேர்ந்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பெயரும் தொகையும் முழுதாக வந்து நிற்கும். பவர்பாயிண்டில் ஒரு படத்தின் ஓரத்தை வெட்டினாலும், வெட்டிய பகுதியைத் தனியே நீக்காத வரை அது கோப்புக்குள்ளேயே இருக்கிறது. எக்செல் அட்டவணை ஒன்றை ஸ்லைடில் உட்பொதித்தால் முழுப் பணிப்புத்தகமும் உடன் வந்துவிடும். மூலத் தாளை அழித்த பிறகும் பிவட் அட்டவணை (தரவைச் சுருக்கித் தொகுத்துக் காட்டும் அட்டவணை) தன் தற்காலிகச் சேமிப்பில் மூலத் தரவை வைத்திருக்கக்கூடும்.

புதிய தொகுப்பை இணையத்தில் வைக்கும்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. வரைபடங்களை வெளியிடும் தளமான டேப்லோ பப்ளிக்கில் வெளியிடும் பணிப்புத்தகம் பெயருக்கேற்பப் பொதுவெளியில்தான் இருக்கும். டாஷ்போர்டு உருவாக்கும் மென்பொருளான பவர் பிஐ-யில் இணையத்தில் வெளியிடும் வசதியைப் பயன்படுத்தினால் அந்த இணைப்பைப் பெற்ற எவரும் அறிக்கையைப் பார்க்கலாம். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒரு கோப்பைத் தவறுதலாக ஏற்றிவிட்டுப் பிறகு நீக்கினாலும், பழைய கமிட்டுகளின் (முன்பு பதிந்த மாற்றங்களின்) வரலாற்றில் அது தொடர்ந்து இருக்கும். நிறுவனத் தரவை மறைத்துக் காட்ட முயலவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2 (ஆய்வாளர் குழுவுக்கு ஆள் தேர்வு செய்பவர்):

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். விண்ணப்பதாரர் ஒருவர் தம் பழைய நிறுவனத்தின் எண்களை எனக்குக் காட்டினால், நாளை எங்கள் எண்களையும் இப்படித்தான் வேறொருவருக்குக் காட்டுவார் என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வருகிறது. இதைப் பலர் உணர்வதில்லை.

இனி, உங்களை வருத்திய அந்தப் பதிலுக்கு வருகிறேன். அதை எழுதியவர் உங்களுக்கு நன்மையே செய்திருக்கிறார். நான் ஒரு தொகுப்பைத் திறக்கும்போது டாஷ்போர்டு அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. எந்தக் கேள்வியோடு இந்த வேலை தொடங்கியது, கிடைத்த தரவில் என்ன குறை இருந்தது, எந்த இடத்தில் இவர் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது, அந்த முடிவால் யார் எதை மாற்றிச் செய்தார்கள் என்பவற்றையே தேடுகிறேன். 38 பக்கப் படங்களில் இவற்றில் ஒன்றுகூட இருக்காது. படம் வேலையின் கடைசி நாளைக் காட்டுகிறது. எனக்கு வேண்டியதோ அதற்கு முந்தைய ஆறு வாரங்கள்.

ஆகவே மூன்று பணிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரைப் பக்க அளவில் உரைநடையாக எழுதுங்கள். செய்த தவறு ஒன்றையும் அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சேருங்கள். நான் நேர்காணலில் பெரும்பாலும் அதிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவேன். பயிற்சிக்குப் பலரும் பயன்படுத்தும் டைட்டானிக் பயணிகள் பட்டியலையும், 150 பூக்களின் அளவுகள் கொண்ட ஐரிஸ் தரவையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அவை கற்றுக்கொள்வதற்கு மிக நல்லவை. ஆனால் அவற்றின் விடைகள் எங்கும் கிடைப்பதால், விண்ணப்பதாரரின் சொந்தச் சிந்தனை எது என்று என்னால் பிரித்தறிய முடிவதில்லை.

கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கோப்பை உடனே நீக்கிவிட்டேன். நீக்குவதற்கு முன் ஒரு கறுப்புக் கட்டத்தை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தேன். வாடிக்கையாளர் ஒருவரின் பெயர் முழுதாக வந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நீங்கள் சொன்னபடி முதல் பணியைப் பற்றி எழுத முயன்றேன். ஒரு கிடங்கிலிருந்து பொருள்கள் தாமதமாகச் சேர்வதற்குப் போக்குவரத்தே காரணம் என்று எல்லோரும் நம்பியிருந்த நிலையில், ஒவ்வொரு கட்டத்தின் நேரமுத்திரைகளையும் (அது நடந்ததாகப் பதிவான நேரங்கள்) தனித்தனியே பிரித்துப் பார்த்தேன். பொட்டலம் கட்டி முடிந்த பிறகு வண்டி வரும் வரை காத்திருக்கும் நேரமே தாமதத்தின் பெரும்பகுதி என்று தெரிந்தது. முதலில் சராசரியை மட்டும் பார்த்ததால் இது எனக்கே புலப்படவில்லை. இடைநிலை அளவையும் பார்த்த பிறகுதான் வெளிப்பட்டது. இரண்டு மென்பொருள்கள் வெவ்வேறு நேர வலயங்களில் நேரத்தைப் பதிந்திருந்ததைக் கவனிக்காமல் ஒரு வாரம் தவறான முடிவோடு இருந்தேன் என்பதும் உண்மை.

இப்போது எனக்கு இரண்டு ஐயங்கள். நானே தரவை உருவாக்கி இதைச் செய்துகாட்டினால் அது ஏமாற்று ஆகாதா? மேலும், இது நால்வர் சேர்ந்து செய்த பணி; நான் செய்தேன் என்று எப்படி எழுதுவது?

மறுமொழி 3 (இதே நிலையைக் கடந்து வந்தவர்):

நண்பரே, உங்கள் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

உருவாக்கிய தரவு என்பதைப் பக்கத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் அது ஏமாற்று ஆகாது. ஆனால் உண்மைத் தரவை எடுத்து, பெயர்களை மாற்றி, எண்களைப் பெருக்கி வைப்பது உருவாக்கிய தரவு அன்று. அது நிறுவனத் தரவின் மாற்றுருவம். நீங்களே விதிகளை வகுத்து வெறுமையிலிருந்து உருவாக்குங்கள், அந்த விதிகளையும் வெளியிடுங்கள். இத்தகைய தரவில் ஒரு பெரும் குறை இருக்கிறது: அதில் கிடைக்கும் விடையை நீங்களே முன்கூட்டி உள்ளே வைத்திருக்கிறீர்கள். ஆகவே அது உங்கள் வழிமுறையைத்தான் காட்டுமே தவிர, நீங்கள் எதையும் கண்டுபிடித்ததாகக் காட்டாது.

இதனால் என் தொகுப்பில் ஒரு பணிக்குப் பொதுத் தரவையே எடுத்தேன். உங்களுக்கும் மிகப் பொருத்தமான ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் புள்ளியியல் பிரிவு, உள்நாட்டு விமானங்களின் நேரந்தவறாமை பற்றிய தரவை 1987 முதல் வெளியிட்டு வருகிறது. 2003 ஜூன் முதல் தாமதத்திற்கான காரணமும் ஐந்து வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது: விமான நிறுவனம், கடும் வானிலை, வான்போக்குவரத்து அமைப்பு, பாதுகாப்பு, முந்தைய விமானம் தாமதமாக வந்து சேர்ந்தது. நீங்கள் கிடங்கில் செய்த அதே சிந்தனை, அதாவது தாமதத்தைக் கட்டங்களாகப் பிரித்து எங்கே நேரம் போகிறது என்று பார்ப்பது, இங்கும் பொருந்தும். புறப்பாட்டு, வருகை நேரங்கள் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரத்தில் பதியப்பட்டிருப்பதால், நீங்கள் பட்ட அடியும் அங்கே பாடமாக வந்து நிற்கும். ஒரு மாதக் கோப்பிலேயே பல லட்சம் வரிகள் இருக்கும். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது என்பதால், பதிவிறக்கும் நிரலையும் சிறு மாதிரியையும் மட்டும் வையுங்கள்.

குழுப்பணியைப் பொறுத்தவரை, வினைச்சொற்களில்தான் நேர்மை இருக்கிறது. எடுத்துக்காட்டாக, “நால்வர் குழுவில் நேரமுத்திரைகளைச் சீர்செய்ததும் கட்டவாரியான பகுப்பாய்வும் என் பொறுப்பு. தரவுத்தள இணைப்பை வேறொருவர் அமைத்தார். முடிவுகளை மேலாளர்களிடம் நானும் குழுத் தலைவரும் சேர்ந்து விளக்கினோம்” என்று எழுதுங்கள். சக பணியாளர்களின் பெயரை அவர்கள் இசைவின்றிச் சேர்க்க வேண்டாம்.

மறுமொழி 2-இல் சொன்னதில் ஒரு சிறு மாறுபாடு எனக்கு உண்டு. டாஷ்போர்டின் தோற்றம் பொருட்டல்ல என்பதை எல்லாப் பணிகளுக்கும் ஏற்க முடியாது. மேலாளர்கள் நாள்தோறும் பார்க்கும் திரையை வடிவமைப்பதே வேலை என்றால், தெளிவாகத் தெரியாத வண்ணங்களும் படிக்க முடியாத சிறு எழுத்துகளும் திறமைக் குறைவாகவே எண்ணப்படும். பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற வேறுபாட்டு விகிதமாவது இருக்க வேண்டும் என்பது வலை அணுகல்தன்மை வழிகாட்டி சாதாரண எழுத்துகளுக்கு வகுத்திருக்கும் அளவு. அதைச் சோதித்துவிடுங்கள்.

கிடங்குப் பணியைப் பற்றி எண்கள் இல்லாமல் எழுதுவதற்கும்கூட, பழைய மேலாளரிடம் எழுத்துவடிவில் அனுமதி கேளுங்கள். எழுதிய பத்தியையே அனுப்பி, இதை வெளியிடலாமா என்று கேட்டால் அவருக்கும் எளிது.

மறுமொழி 2-ஐ எழுதியவர்:

தோற்றம் குறித்த திருத்தம் நியாயமானது, ஏற்கிறேன். அனுமதி கேட்கும் யோசனையும் சிறந்தது.

கேட்டவர்:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். விமானத் தாமதப் பணியையும், உருவாக்கிய தரவில் கிடங்குப் பணியையும் முடித்து, கிட்ஹப் பேஜஸில் ஒரு சிறு தளமாக ஏற்றிவிட்டேன். பழைய மேலாளரிடமிருந்து, நிறுவனத்தின் பெயரையும் எந்தத் தொகையையும் குறிப்பிடாத வரை தடையில்லை என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது.

ஆனால் புதிய சிக்கல் ஒன்று எழுந்துள்ளது. என் விண்டோஸ் கணினியில் தளத்தைத் திறந்தால் எல்லா வரைபடங்களும் தெரிகின்றன. இணையத்தில் திறந்தால் ஐந்தில் மூன்று படங்கள் வரவில்லை. கோப்புகள் எல்லாம் ஏற்றப்பட்டே இருக்கின்றன. இரண்டு நாள்களாகக் காரணம் தெரியாமல் தவிக்கிறேன்.

மறுமொழி 1-ஐ எழுதியவர்:

கோப்புப் பெயரின் இறுதியைப் பாருங்கள். அங்கே படக்கோப்பின் வகையைக் குறிக்கும் பிஎன்ஜி என்பது பெரிய எழுத்துகளில் இருந்து, நிரலில் அதைச் சிறிய எழுத்துகளில் எழுதியிருந்தால் இதுதான் நடக்கும். விண்டோஸ் பொதுவாக இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். கிட்ஹப் பேஜஸ் அவற்றை வேறு வேறு பெயர்களாகக் கருதும். எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்துகளாக மாற்றி, இடைவெளி இருந்தால் சிறு கோட்டால் நிரப்புங்கள். எழுத்தின் அளவு மட்டும் மாறினால் விண்டோஸில் கிட் (கோப்பு மாற்றங்களைப் பதியும் மென்பொருள்) அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவது உண்டு. எனவே கிட் எம்வி கட்டளை வழியாகவே பெயரை மாற்றுங்கள்.

கேட்டவர்:

அதுவேதான் காரணம். மூன்று படங்களையும் வேறொரு மென்பொருளில் சேமித்திருந்தேன். அது பெரிய எழுத்துகளில் பெயரிட்டிருக்கிறது. இப்போது கைப்பேசியிலும் எல்லாம் சரியாகத் தெரிகின்றன.

புதிய தொகுப்புடன் ஆறு இடங்களுக்கு விண்ணப்பித்ததில் இரண்டு நேர்காணல்களுக்கு அழைப்பு வந்தது. முதல் நேர்காணலில் கிட்டத்தட்ட அரை மணி நேரம் நேர வலயத் தவறைப் பற்றியே கேட்டார்கள். அதை எப்படிக் கண்டுபிடித்தேன், இனி வராமல் இருக்க எந்தச் சோதனையைச் சேர்த்தேன் என்றெல்லாம் பேசியபோது, ஐந்து மாதங்களில் முதன்முறையாக நான் செய்த வேலையைப் பற்றியே என்னிடம் பேசுகிறார்கள் என்று தோன்றியது. அடுத்த சுற்று வரும் வாரம்.

இறுதியாக ஒன்று கேட்க வேண்டும்: தொகுப்பின் இணைப்பை ரெஸ்யூமேயில் எங்கே வைப்பது?

மறுமொழி 2-ஐ எழுதியவர்:

பெயருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கும் அடுத்த வரியில், முகவரி முழுதும் கண்ணில் படும்படி வையுங்கள். சிலர் தாளில் அச்சிட்டுப் படிப்பதால், ஒரு சொல்லுக்குள் இணைப்பை மறைத்து வைத்தால் அவர்களுக்கு அது கிடைக்காது. விண்ணப்பக் கடிதத்தில் மட்டும் முகப்புப் பக்கத்தைத் தராமல், அந்த வேலைக்கு மிக நெருக்கமான பணியின் பக்கத்தையே நேரடியாகத் தாருங்கள். சரக்குப் போக்குவரத்து நிறுவனத்திற்கு விண்ணப்பித்தால் கிடங்குப் பணியின் பக்கம் போகட்டும். அடுத்த சுற்றுக்கு முந்தைய நாள் எல்லா இணைப்புகளையும் வேறொருவரின் கைப்பேசியில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.